விரோதி வருஷத்துச் செட்டிநாட்டு வீடு: பழுதுபார்க்கும் முன் படிக்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக: காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. தலைவாசல் நிலையின் மேல் ‘விரோதி வருஷம் தை மாதம்’ என்று வெட்டியிருக்கிறது. மழை வந்தால் வளவின் (முற்றமும் அதைச் சுற்றிய உள்கட்டும்) மூலைகளில் ஒழுகுகிறது. முகப்புச் சுவரில் பூச்சு உப்பி உதிர்கிறது. வீடு எந்தக் காலத்தது, பாதுகாக்கப்பட்ட கட்டடமாகக் கணக்கில் வருமா, வேலையை எங்கே தொடங்குவது?

வருஷத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் ‘விரோதி’ என்பது மட்டும் போதாது. இப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருந்தக்கூடிய காலத்தில் விரோதி 1829, 1889, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளின் சித்திரையில் பிறந்திருக்கிறது. தை என்றால் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரி-பிப்ரவரி. ஆக 1830, 1890, 1950 என மூன்று வாய்ப்பு. 1950-ஐத் தள்ளிவிடலாம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்ததோடு, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாருக்கு (செட்டிநாட்டு வணிகச் சமூகம்) அங்கிருந்த கொடுக்கல் வாங்கல் முறிந்தது. அதற்குப் பிறகு இந்த அளவு வீட்டைப் புதிதாக எழுப்பக் கையில் பணம் இருந்தவர்கள் குறைவு. 1830-இல் நகரத்தார் தொழில் இலங்கையில் காலூன்றத் தொடங்கியிருந்தது, ஆனால் பர்மாத் தேக்கில் வளவு முழுக்கத் தூண் நிறுத்தும் காலம் அதுவல்ல. கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1852-இல். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் ஐராவதிக் கழிமுக அரிசி ஐரோப்பாவுக்குப் பெருமளவில் போக, நிலத்தைத் திருத்தி நெல் விளைவித்தவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் கையில் பணம் புரண்டது. தேக்கும் அந்த வழியில்தான் வந்தது. உங்கள் வீடு 1890-ஐச் சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஒரு எச்சரிக்கை. நிலையில் உள்ள எழுத்து அந்த நிலையின் வயதைத்தான் சொல்லும். பழைய நிலையைக் கழற்றிப் புதிய முகப்பில் வைப்பது இந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். வீட்டின் மற்றப் பகுதிகளுக்கு வேறு சாட்சி வேண்டும்.

1890-இல் கட்டிய வீடும் இன்று நீங்கள் நிற்கும் வீடும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. தெருவிலிருந்து உள்ளே போனால் திண்ணை, முகப்பு, தலைவாசல், வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி உள்ள மூன்றாங்கட்டு, கிணறும் தோட்டமும் என்று கிழக்கு மேற்காக நேர்கோட்டில் நீளும் அமைப்பு பழையது. அது பெரும்பாலும் மாறியிருக்காது. மாறுவது முகப்பு. பணம் வரவர முன்பக்கத்தைத்தான் உயர்த்துவார்கள்: மேல்மாடி, கைப்பிடிச் சுவர், உச்சியில் கஜலட்சுமி சுதை, வண்ணக் கண்ணாடி. கானாடுகாத்தான் அரண்மனை 1912-இல் முடிந்தது. உங்கள் முகப்பு அதைப் போல இருந்தால் முகப்புக்கு வயது வேறு, வளவுக்கு வயது வேறு.

தரையும் அப்படியே. ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தவுடன் ‘அந்தக் காலத்துத் தரை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, பின்பக்கம் மணல் சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. சிமெண்ட் தாராளமாகக் கிடைத்த பிறகு, அதாவது 20-ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். சுவரில் பதித்த பூப்போட்ட ஜப்பான் ஓடும் அப்படித்தான். 1890-இல் வளவுக்குச் சுண்ணாம்புத் தரையோ கல்பாவிய தரையோ இருந்திருக்கும்; ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க நேர்ந்தால் அடியில் அதன் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பதற்காகப் பெயர்க்க வேண்டாம். 80, 90 வருஷமான ஆத்தங்குடித் தரையும் வீட்டின் வரலாறுதான். கூரையில் இரும்பு உத்தரம் தெரிந்தால் அதன் நடுத்தகட்டில் புடைத்த எழுத்தைத் தேடுங்கள். ஆலையின் பெயர் கிடைத்தால் காலக் கணிப்பு எளிது.

அறைகளின் அடுக்கு ஏன் இப்படி என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் ‘தேவையில்லாத சின்ன அறை’ என்று இடித்துவிடுவார்கள். வளவைச் சுற்றி இரட்டை இரட்டையாக இருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கல்யாணம் ஆனபின் ‘வேறு வைத்து’விடுவார்கள்: கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. மூன்றாங்கட்டில் ஒரே அளவில் வரிசையாக அடுப்படிகள் இருப்பதற்கு அதுதான் காரணம். இன்று ஒரு வீட்டுக்கு ஐம்பது அறுபது பங்கு வருவதற்கும் அதே கணக்குத்தான் வேர். முதல் வேலை கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. யாருக்கு எந்த அறை, பொது இடம் எது, செலவைப் புள்ளிக்கு எவ்வளவு பிரிப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. கூரைவேலை பாதியில் நின்ற வீடுகளில் பல நின்றது பணத்தால் அல்ல, ஒரு பங்காளியின் கையெழுத்தால்.

சட்டப் பாதுகாப்பு பற்றி. ‘யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது இந்தியா பின்னாளில் முன்மொழிய நினைக்கும் இடங்களின் பட்டியல். உங்கள் வீட்டுச் சுவரை யாரும் இடிக்கக்கூடாது என்று அது தடுக்காது. சட்டப்படி காக்கப்பட்ட சின்னம் என்றால் இரண்டு வழி: 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறை அறிவிப்பது, அல்லது 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவிப்பது. மத்தியச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஆகவே உங்கள் வீடு அறிவிக்கப்படாதது என்றாலும் பக்கத்தில் அப்படியொரு கோயில் இருந்தால் இந்த எல்லை உங்களைத் தொடும். வரைபடத்தில் அளந்து பாருங்கள். மரபுக் கட்டடங்களுக்கென 2012-இல் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டமும் வந்தது. ஆனாலும் செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் தனியார் சொத்து. காப்பது பங்காளிகளின் மனம்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும், 100 வருஷத்துக்குக் குறையாமல் இருந்தால், அதன் பார்வையில் தொல்பொருள் ஆகலாம். 1890-இன் தலைவாசல் கதவைக் கழற்றி விற்றால் அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமையில்லை. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூணும் கதவும் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்து ‘எல்லாரும் விற்கிறார்களே’ என்று நினைக்க வேண்டாம்.

இனி ஒழுகல். இந்த வீட்டின் எல்லா நோய்க்கும் மூலம் தண்ணீர். அது எந்த வழியாகப் போக வேண்டும் என்று கட்டியவர்கள் தெளிவாக வைத்திருந்தார்கள்: நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, முற்றத்துக் கல்தரையில் விழுந்து, மூலைத் தூம்பு வழியாக வீட்டுக்கு வெளியே போய், தெருக் கால்வாயில் ஓடி ஊருணியில் சேரும். இந்த வழியில் எங்கேயாவது அடைத்தால் தண்ணீர் சுவரைத் தேடும்.

வளவின் மூலைகளில் ஒழுகுகிறது என்கிறீர்கள். அது கூடல்வாய். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளம். முற்றத்துக்கு நான்கு மூலை, நான்கு கூடல்வாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐப்பசி மழையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் பெய்தால் 100 சதுர மீட்டர் கூரையில் 2,500 லிட்டர் தண்ணீர். இந்தத் தண்ணீரில் கணிசமான பங்கு அந்த நான்கு பள்ளங்களில் இறங்குகிறது. ஒரு கூடல்வாயில் ஐந்தாறு ஓடு உடைந்தால் சமதளத்தில் ஐம்பது ஓடு உடைந்ததற்குச் சமம்.

பழைய முறையில் கூடல்வாய் மரத்தின்மேல் தகடு போட்டு, இருபக்கமும் ஓட்டைச் சாய்வாக வெட்டித் தகட்டின்மேல் தொங்க விட்டிருப்பார்கள். தகடு துருப்பிடித்ததும் பின்னால் வந்தவர்கள் செய்யும் வேலை, ஓட்டின் வெட்டு விளிம்பில் சிமெண்ட் அப்புவது. முதல் வருஷம் ஒழுகாது. மரம் வெயிலில் சுருங்கி மழையில் விரியும், சிமெண்ட் அதோடு அசையாது. மயிரிழை வெடிப்பு விழும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தின் மேல்முகத்தில் தங்கும். கீழிருந்து பார்த்தால் மரம் நன்றாகத் தெரியும், மேலே பஞ்சாகிவிட்டிருக்கும். ஏணி வைத்து ஏறி நாலு ஓட்டை எடுத்துவிட்டு, ஒரு குத்தூசியை மரத்தில் அழுத்துங்கள். நல்ல தேக்கு ஊசியைத் தள்ளும். எதிர்ப்பில்லாமல் அரை அங்குலம் இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி, அதே தேக்கில் சாய்வு மூட்டுப் போட்டு இணைக்க வேண்டும். முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

புதுத் தகடு செம்பாக இருப்பது நல்லது. 24 கேஜ் போதும், அகலம் 45 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, அகலக் கூரைக்கு 60. இருபக்க விளிம்பையும் இரண்டு சென்டிமீட்டர் மேல்நோக்கி மடக்குங்கள். வேகமாக வரும் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறித் தாண்டாது. தகடும் தகடும் சேரும் இடத்தில் மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். நடுவில் ஆணி அடிக்கவே கூடாது. மடக்கிய விளிம்பைப் பிடிக்கும் கொக்கியால் நிறுத்துங்கள். ஓடு இருபக்கமும் தகட்டின்மேல் 8 முதல் 10 சென்டிமீட்டர் தொங்கட்டும், நடுவில் ஒரு கை போகும் அளவு திறந்திருக்கட்டும். அந்த இடைவெளியில்தான் வருஷாவருஷம் சருகை அள்ள முடியும். அலுமினியம் மலிவு என்று போடுவார்கள். பக்கத்தில் ஈரச் சுண்ணாம்புச் சாந்து பட்டால் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துவிடும்.

ஓட்டைப் பிரித்து மேய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஊரில் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடாதீர்கள். ஓட்டின் எடைதான் கைமரத்தை, அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தை, காற்றில் அசையாமல் பிடித்திருக்கிறது. எடை போனால் கூரையையே காற்று தூக்கும், வெயில் நேரே வளவுக்குள் இறங்கும். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரில் வருஷம் ஒருமுறை அல்ல, இரண்டு முறை ஏறிப் பாருங்கள். முற்றத்துக்கு மேல் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடுவதும் இப்போது பரவியிருக்கிறது. சூடான காற்று மேலே வெளியேறி, குளிர்ந்த காற்று சுற்றுத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே வருவதற்கு முற்றம்தான் புகைபோக்கி. அதை அடைத்த வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் புரியும். மூடியே ஆக வேண்டும் என்றால் கூரைக்கும் மூடிக்கும் நடுவே நாலு பக்கமும் ஒரு அடி திறந்து விடுங்கள்.

முகப்பு மேல்மாடித் தளம் மெட்ராஸ் டெரஸாக இருக்கும். உத்தரங்களின்மேல் மெல்லிய டெரஸ் செங்கல்லை விளிம்பு நிற்கும்படி மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு மூன்று நான்கு அங்குலம் போட்டு, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்தது. தட்டும்போது தெளிக்கும் நீருக்கு வழக்கமான அளவு 60 லிட்டர் தண்ணீருக்கு 1.75 கிலோ வெல்லம், 1 கிலோ வில்வக்காய். தெற்கே வில்வக்காய்க்குப் பதில் கடுக்காய். இந்தத் தளம் ஒழுகினால் தட்டோட்டின் இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். மேலே புதிதாகக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் சதுர மீட்டருக்கு ஒரு அங்குலத்திலேயே 60 கிலோ கூடுகிறது, உத்தரம் வளையும். உத்தரம் இரும்பென்றால் துருவைப் பாருங்கள்: துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, பக்கத்துச் செங்கல்லை நெம்பித் தள்ளும். மர உத்தரமென்றால் நடுப்பகுதியை விட்டுவிட்டுச் சுவருக்குள் நுழையும் நுனியைச் சோதியுங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும்.

சுவரில் வெடிப்பு இருந்தால் பதற வேண்டாம். மேல்மாடி பின்னால் சேர்த்தது என்றால் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்குத்தாகக் கோடு விழுவது இயல்பு. வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருமுனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டி கண்ணாடி உடையாமல் இருந்தால் வெடிப்பு நின்றுவிட்டது. சுண்ணாம்பால் அடைத்தால் போதும். உடைந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பூச்சு உப்பி உதிர்வதற்கு வருவோம். முகப்பின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். மூன்று நான்கு அடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருப்பார்கள் என்று பந்தயம் கட்டலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் தரையின் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுக்கொண்டிருந்தன. சிமெண்ட் அந்த வாயை அடைத்தது. ஈரம் சிமெண்ட் முடியும் உயரம்வரை ஏறி, அதற்கு மேலே பழைய பூச்சு வழியாக வெளியே வருகிறது. அதோடு வரும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி உப்புகிறது. அதனால்தான் உதிர்வது எப்போதும் சிமெண்டுக்கு மேலே, கெட்டது பழைய பூச்சு என்ற கெட்ட பெயரோடு.

செய்ய வேண்டியது: சிமெண்டை உளியால் மெதுவாக எடுங்கள், இயந்திரச் சுத்தி வேண்டாம், செங்கல் முகம் பெயர்ந்துவிடும். மூட்டுகளை ஒரு அங்குல ஆழம் சுரண்டுங்கள். சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்து வையுங்கள். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான்.

பிறகு பூச்சு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் மூன்று மாதம் ஊறவையுங்கள். நீறாத துகள் ஒன்று இருந்தாலும் பூசிய பிறகு நீறி, சுவரில் கடுகுபோல் வெடித்துக் குழி விழும். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். ஈரம் அதிகமான அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் செங்கல் தூள். கனம் அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். இரண்டாம் பூச்சு சலித்த மணலில், அதில் பாதிக் கனம். மூன்றாவது, வழுவழுப்பான மெழுகுப் பூச்சு: வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் வடித்த சுண்ணாம்பு, வெண்கல் மாவு, முட்டை வெள்ளைக்கரு. பழைய மெட்ராஸ் முறையில் தயிரும் நெய்யும் மாக்கல் பொடியும்கூடச் சேரும். கனம் ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டு.

மெழுகுப் பூச்சின் ரகசியம் கலவையில் பாதி, நேரத்தில் பாதி. மணியாஸ் கட்டையால் (பூச்சைச் சமன்செய்யும் மரப்பலகை) தேய்த்து, சிறு கரணையால் இழுத்து, ஈரம் வற்றத் தொடங்கியதும் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்க வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் கல் சாந்தை இழுத்துக்கொண்டு வரும், தாமதித்தால் கீறும். சரியான பதத்தில் தேய்த்தால் சுவருக்கு வேர்க்கும். பொடிப்பொடியாக நீர் துளிர்க்கும். அதைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்ப்பார்கள். ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் நேற்றைய வேலைக்கும் இன்றைய வேலைக்கும் நடுவே கோடு தெரியும். அதனால் முதலில் மறைவான இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரி பூசச் சொல்லி, ஒரு மாதம் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்யுங்கள்.

வளவுக்குள் பழைய மெழுகு இன்னும் மின்னிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். டப்பென்று வெற்றொலி வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். அந்த இடத்தில் மட்டும் சிறு துளை வழியாக மெல்லிய சுண்ணாம்புப் பாலைச் செலுத்தி, பலகை வைத்து அழுத்திப் பிடித்தால் பூச்சு சுவரோடு மறுபடி ஒட்டும். கறையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். எமல்ஷன் பெயிண்ட் அடிப்பது பிளாஸ்டிக் உறை போர்த்துவது மாதிரி. இரண்டு மழையில் தாள் தாளாக உரியும், உரியும்போது பழைய மெழுகையும் பிய்த்துக்கொண்டு வரும்.

வேலை வரிசை: கூடல்வாயும் ஓடும் முதலில், தை பிறந்ததும் தொடங்கி ஆடிக்குள் முடியட்டும். அதோடு முற்றத்துத் தூம்பைக் கிண்டி, தெருவரை தண்ணீர் ஓடுகிறதா என்று இரண்டு குடம் ஊற்றிப் பாருங்கள். சிமெண்ட் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து தூம்பின் வாய் புதைந்த வீடுகள் நிறைய. சிமெண்டைப் பெயர்ப்பதும் அந்தக் கோடையில்தான். வடகிழக்குப் பருவமழையில் எங்கே ஈரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூச்சுவேலை அடுத்த தையில். சித்திரை வெயிலில் பூசினால் ஈரக் கோணிப்பை தொங்கவிட்டுப் பத்து நாளாவது நிழலும் ஈரமும் காட்ட வேண்டும். தரையும் மரத்துக்கு எண்ணெயும் கடைசி. மரத்துக்கு வார்னிஷ் கேட்பார்கள். ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும், 130 வருஷத் தேக்குக்குப் பளபளப்பு தேவையில்லை.